திரட்டிச் சீரில் வைத்த மொய்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வாய்க்காலின் மேல்மடையில் குப்பண்ணனுக்கு நிலம் இருந்தது. யாருக்கு யார் என்ன முறை, எந்தச் சீருக்கு யார் முதலில் தட்டெடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பிசகாமல் சொல்லக்கூடியவர். உறவுகளுக்குள் மனத்தாங்கல் வந்தால் அவரைத்தான் அழைப்பார்கள். அந்தத் தெளிவே பின்னாளில் அவரை உறங்கவிடாமல் செய்தது.

அந்த வாய்க்காலில் தண்ணீர்ப் பங்கீட்டுக்குப் பழைய கட்டு ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்த காலத்தில் முதல் முறை கடைமடைக்கு. அங்கே வயல் நனைந்த பிறகுதான் மேல்மடைக்காரர் மடை திறக்கலாம். மேல்மடையில் நிலம் வைத்திருந்தவர்கள் சங்கம் கூடி இதை மாற்றப் பலமுறை முயன்று தோற்றார்கள். குப்பண்ணனும் அந்தச் சங்கத்தில் ஒருவர்.

1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஈஸ்வரமூர்த்தி வேட்பாளரானார். குப்பண்ணனுக்கு மாப்பிள்ளை முறை. சங்கத்தார் தேர்தல் நிதியோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். "வேண்டாமுங்க. கை நீட்டி வாங்குனா அப்புறம் வாய் தொறக்க முடியாது" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

"காசு வேண்டாங்கற வேட்பாளரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் சங்கத் தலைவரான அரிசி ஆலைக்கார நஞ்சப்பன். "வேலந்தாவளம் சந்தையில நிறுத்தி டிக்கெட்டுப் போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். குப்பண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "அவன் ஊட்ல மாசியில மூத்த புள்ளைக்குத் திரட்டிச் சீரு வருதுங்க. நன்கொடைன்னாத்தான் வேண்டாம்பான். மொய்யா வெச்சா?"

நஞ்சப்பன் அவர் தோளில் தட்டினார். "அடேயப்பா! விருந்துச் சோறும் உண்டல்லோ?"

பெண் பெரியவளான சீரில் வைக்கும் மொய்யை மறுப்பவர் எவரும் இல்லை. மறுத்தால் உறவு முறிந்ததாகப் பொருள். மொய் வைத்தவருக்கு ஒரு தேவை வரும்போது திருப்பிச் செய்யாதவரை ஊர் மனிதராகவே மதிக்காது. பந்தலில் சங்கத்துப் பணம் வைத்த நஞ்சப்பனின் தட்டைக் கண்டதும் ஈஸ்வரமூர்த்தியின் கை தயங்கியது. சம்மதம் கேட்பவர்போலக் குப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கு மாப்ள. சீருக்கு வந்தவங்களத் திருப்பி அனுப்பக் கூடாது."

ஈஸ்வரமூர்த்தி வாங்கினார். ஜெயித்தார்.

தேர்தலின்போது கடைமடையில் வீடு வீடாக வாக்குக் கேட்டவரும் குப்பண்ணன்தான். அங்கே அவருடைய பெரியப்பா மகள் மருதாத்தாள் இருந்தாள். கணவனை இழந்தவள், தனியாக விவசாயம் பார்ப்பவள். "நம்ம பையன்க்கா. உன்ற தண்ணிய யாரும் தொட முடியாது" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த மார்கழியில் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. சங்கத்தார் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய் வந்தார்கள். மறுநாளே ஓவர்சியர் மேல்மடையை முதலில் திறந்தார். குப்பண்ணனின் வயல் நிறைந்தது. கதிர் தள்ளும் பருவத்தில் கடைமடைப் பயிர் தண்ணீரின்றி மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கியது.

குப்பண்ணன் ஈஸ்வரமூர்த்தியிடம் ஓடினார். "மாப்ள, கடைமடை முதல்ங்கறது பாட்டன் காலத்துக் கட்டு. அதப் போய்..."

"தெரியுமுங்க மாமா." ஈஸ்வரமூர்த்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவங்க ஒரு தேவைன்னு வந்து நின்னாங்க. என்ற புள்ள சீருக்கு மொய் வெச்சவங்க. நான் என்ன சொல்லட்டும்? எனக்குத் தெரிஞ்ச முறையெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே."

அதில் குத்தல் இருந்திருந்தால் குப்பண்ணன் தாங்கியிருப்பார். இல்லை. பட்ட கடனைத் தீர்த்துவிட்ட மனிதனின் களைப்புத்தான் இருந்தது. பணத்துக்கு மயங்குகிறவனாக இருந்திருந்தால் ஈஸ்வரமூர்த்தி சங்கத்தாரை ஏமாற்றியிருக்கலாம். நாணயமானவனாதலால் திருப்பிச் செய்துவிட்டான். அந்த நாணயத்தின் பிடி எங்கே இருக்கிறது என்று நஞ்சப்பனுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்பதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

தம்முடைய அடுத்த முறைத் தண்ணீரைத் தம் வயலுக்குத் திருப்பாமல் அப்படியே கீழே விட்டார். வழியில் எவரும் வெட்டிக்கொள்ளாதபடி மண்வெட்டியோடு கரையிலேயே நடந்தார். கடைமடைக்கு எட்டியபோது அது மெல்லிய ஓட்டமாகத்தான் இருந்தது. மருதாத்தாள் வரப்பில் நின்றிருந்தாள்.

"யாரு தண்ணிடா இது?"

"என்றதுதான்க்கா. நீ வெச்சுக்கோ."

அவள் குனிந்து, வாய்மடையின் மண்ணைக் கையாலேயே விலக்கினாள். வெடித்த நிலம் ஓசையோடு உறிஞ்சியது. முதல் வயல் பாதிகூட நனையவில்லை.

"பயிரு வாடுதேன்னு உட்டுக்கறேன்" என்றாள், நிமிராமல். "நாளைக்கு நீ தராட்டி நான் கேக்க முடியுமாடா? என்ற முறைத் தண்ணின்னா ஓவர்சியர் சட்டையப் புடிச்சுக் கேப்பேன். அது எங்கடா?"

முறையென்றால் எவருக்கும் விளக்கிச் சொல்லக்கூடிய குப்பண்ணன் மண்வெட்டியால் வாய்மடையை அகலப்படுத்தினார். அவளுடைய பின் வயல்கள் அந்த ஆண்டு வைக்கோலுக்குத்தான் ஆயின. கட்டும் பழையபடி திரும்பவில்லை. குப்பண்ணன் சங்கத்திலிருந்து விலகினார். நஞ்சப்பன் ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை. குப்பண்ணனால் ஆக வேண்டியது ஆகிவிட்டிருந்தது.