ஆடி முடியட்டும் என்றார்கள்

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் நின்றிருந்தபோது வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து மெஷின்காரர் "இன்னாண்ணா ஆச்சு?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். "ஆமா" என்று மட்டும் வந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவது), சின்னதுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை சீக்கிரமே திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. எது கேட்டாலும் "ஆமா". கேட்பதெல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை.

கழுத்தின் இடது பக்கக் கரோட்டிட் தமனி (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) பெரும்பகுதி அடைத்திருந்தது. "ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி சுத்தம் பண்ணிடணும். அடுத்த அட்டாக் வர்றதுன்னா இந்த நாள்லதான் வரும்" என்றார் டாக்டர்.

நீலசந்திராவில் இருக்கும் எங்கள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போனது. அண்ணி கன்னடக்காரர். "ஆஷாடத்துல கத்தி வைக்கிறதா? பேடா, வேண்டாம். அமாவாசை போகட்டும்" என்றார். அமாவாசையோடு அவர்கள் ஆஷாடம் முடிந்துவிடும். நம் ஆடி அதற்குப் பிறகும் இழுக்கும். என் மனைவி செல்வி, "அப்பவும் நம்ம ஆடி இருக்குதேக்கா, அதுவும் முடியட்டும்" என்றாள். இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து என் கழுத்தில் ஏறி உட்கார்ந்தன.

"ஆவணியில பண்ணிக்கலாம், சரியாங்க?"

"ஆமா" என்றேன். என் நாக்கின் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

சில நாள் கழித்து, சாப்பிடும்போது இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியது. தட்டில் பாதி மறைந்தது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணைக் காட்டினேன்.

"தூசியா?"

"ஆமா."

ஊதிவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம், "ஆவணியில வர்றோம் சார், அவரும் சரின்னுட்டாரு" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க பேரு செல்வியா?"

"ஆமா."

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப கையால சொல்லுங்க. ஆபரேஷன் உடனே வேணும்னா கட்டைவிரல் மேல" என்றார் டாக்டர். உயர்த்திய விரலை நான் இறக்கவேயில்லை. பிறகு இடது கண்ணைப் பொத்திக் காட்டினேன். பார்வை மறைந்து திரும்பியது அதே குழாயின் எச்சரிக்கை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஆஷாடமும் போகவில்லை, ஆடியும் போகவில்லை. மறுநாளே ஆபரேஷன் நடந்தது. குழாய்க்குள் புது ரத்தக்கட்டி ஒன்று பிடிப்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

இதே கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நோயாளி சரியென்றார் என்று நம்பி நாள் குறிக்காதீர்கள்.

பேச்சு மெல்ல வந்துவிட்டது. வலது பக்கக் குழாயிலும் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது; மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு இப்போது மாதக் கணக்கெல்லாம் கிடையாது. காலையில் விழித்ததும் அசையாமல் படுத்து, மனைவியின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். வந்துவிட்டால் அந்த நாள் கிடைத்தது. போன வாரம் ஒரு நாள் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பக்கத்தில் செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.