நெறி கட்டிய பௌர்ணமி

குளித்துக்கொண்டிருந்தபோது கையில் தட்டுப்பட்டது. இடது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அழுத்திப் பார்த்தேன். உயிர் போய் வந்தது.

இதை நெறி கட்டுவது (தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழலை திரள்வது) என்று எங்கள் கும்பகோணத்துப் பக்கம் சொல்வார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் கட்டும், இரண்டு நாளில் கரைந்துபோகும். ஊரில் என்றால் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் நான் இருந்தது கல்கத்தாவில், பவானிபூரில். காலில் புண் எதுவும் இல்லை. முதல் நாள்தான் முற்றத்துச் சாக்கடையருகில் ஓர் எலி செத்துக் கிடந்தது.

அந்த வருஷங்களில் குளிர் விட்டு மாமரம் பூக்கத் தொடங்கும்போதே பிளேக்கும் (எலிகளிடமிருந்து மனிதருக்கு வரும் கொள்ளைக் காய்ச்சல்) வந்துவிடும். முதலில் காய்ச்சல், பிறகு தொடையிடுக்கில் கட்டி, பிறகு பிதற்றல் என்று கல்கத்தாவில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஒரு வீட்டைப் பூட்டி, படுக்கை துணிமணிகளை எல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஈரப் புடவையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கமலிக்கு அப்போது பத்து மாதம். விடிகாலையில்தான் அவளுக்குப் பால் கொடுத்திருந்தேன். என் பயம் முழுவதும் அந்த ஓர் இடத்தில் போய் நின்றது. சாவதைப் பற்றி நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை. பாலோடு அதையும் கொடுத்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

உடம்பில் எதையோ தொட்டுவிட்டு, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளியே வந்து சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

எங்கே வலிக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி ஒன்பது வருஷமானாலும் தொடை என்ற வார்த்தை எங்களுக்குள் வந்ததில்லை. சொன்னால் டாக்டர் வருவார், டாக்டர் வந்தால் சர்க்காருக்குத் தெரியும், அப்புறம் வண்டி வரும். யோசித்து யோசித்து, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்தேன்.

"நான் தூரம்" என்று கதவுக்கு உள்ளிருந்தபடியே சொன்னேன்.

மாதவிலக்கு நாட்களில் எங்களவர்கள் ஒதுங்கி உட்காருவோம். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. மூன்று நாளைக்கு யாரும் தொடமாட்டார்கள், ஏன் படுத்திருக்கிறாய் என்று ஒரு கேள்வி வராது. பிளேக் ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு ஒதுக்கம் கிடைக்காது. மூன்று நாளில் ஒன்று கட்டி கரையும், இல்லாவிட்டால் நான் போய்விடுவேன், குழந்தையை மட்டும் தொடாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். மாடி வராந்தாவை ஒட்டிய சின்ன அறையில் பாயை விரித்துக்கொண்டேன்.

அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் கணக்கில் புலி, வீட்டுக் கணக்கில் அவ்வளவு இல்லை. நான் போன முறை எப்போது ஒதுங்கினேன் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்று லீவு போட்டுவிட்டு, ரசம் என்று சொல்லி ஒன்றைக் கொதிக்கவைத்தார்.

குழந்தைதான் விடவில்லை. பாலாடையில் பசும்பாலைப் புகட்டினால் துப்பிவிட்டுக் கதறியது.

"கைக்குழந்தைக்கு ஏதுடி தீட்டு? வாங்கிக்கோயேன், பசிக்கறது அதுக்கு" என்றார் வாசற்படிக்கு வெளியே நின்று.

"வேண்டாம்னா. எனக்குச் சளி பிடிச்சிருக்கு. குழந்தைக்கு ஒட்டிக்கும்."

"சளிக்கா இப்படி நடுங்கறே?"

"கிட்ட வராதேங்கோ. வந்தா குளிக்கணும்" என்றேன். அவர் வரவில்லை. சாஸ்திரம் அன்றைக்கு எனக்கு நல்ல காவல்காரனாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. பல் கிட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் கமலி அழ அழ, மார்பில் பால் கட்டிக் கல்லாகிப் புடவையெல்லாம் நனைந்தது. அதைப் பிழிந்து சாம்பலில் விட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

மறுநாள் தோல் பௌர்ணமி. நம் பக்கத்தில் ஹோலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்காளத்தில் அன்று சின்னவர்கள் பெரியவர்களின் பாதத்தில் அபீர் (சிவப்பு வண்ணப் பொடி) வைத்துக் கும்பிடுவார்கள். பெரியவர்கள் பதிலுக்கு நெற்றியில் பூசி ஆசீர்வதிப்பார்கள். கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த நிருபமா என்னைவிட நாலு வயது சின்னவள், என்னைத் தீதி (அக்கா) என்று கூப்பிடுவாள். அவள் பையனும் கமலியும் ஒரே வயது. மத்தியானங்களில் மொட்டை மாடியில் நான் வடாம் பிழிவேன். அவள் காக்காய் ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்து பாதியைப் பச்சையாகவே தின்றுவிடுவாள். அவளிடம் நான் கற்றுக்கொண்ட வங்காளி அவள் சிரிப்பதற்கென்றே இருந்தது.

அன்று காலை தட்டில் அபீரோடு படியேறி வந்துவிட்டாள். அவர் வராந்தாவில் வழிமறித்து, "தொடக்கூடாது, தொடக்கூடாது" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு எங்கே புரியப்போகிறது? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, நான் சுதாரிப்பதற்குள் என் இடது பாதத்தில் கையை வைத்துவிட்டாள்.

வீறிட்டுவிட்டேன். காலே நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே என்னைப் பார்த்தாள்.

"தீதி, இது என்ன கொதிப்பு?"

"எட்டிப் போ நிருபமா. நான் ஒதுங்கி உட்கார்ந்திருக்கேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சிவராத்திரிக்கு உட்கார்ந்தீங்களே. அன்னிக்குக் கோயிலுக்கு நான் தனியாத்தானே போனேன்? அதுக்குள்ள மறுபடியுமா?"

அழுதுவிட்டேன். எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள், நான் கையை வைத்துக் காட்டினேன். அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்ததை நான் பார்த்தேன். அவளுக்கும் மடியில் ஒரு குழந்தை. எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடினால் தப்புச் சொல்லவும் முடியாது.

அவள் எழுந்து அறை வாசலுக்குப் போனாள். அதுவரை அவள் என் வீட்டுக்காரரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் வழக்கத்தில் அது கிடையாது.

"தாதா, குழந்தையைக் கொடுங்க. கை கழுவிட்டு வரேன், நான் பால் கொடுக்கறேன்" என்று அண்ணா முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னாள்.

வங்காளி அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் புரியாதவர்போல் நின்றார். எனக்கு அந்த நிலையிலும் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவள் பால் ஆயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கமலி அழுதாள். தொண்டை கட்டிப்போய், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

"கொடுத்துடுங்கோ" என்றேன். "எனக்குச் சளி இல்லை, தூரமும் இல்லை. கட்டி வந்திருக்கு."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் கீழே போனார். சற்று நேரத்தில் அழுகை நின்றது. சப்புக்கொட்டிக் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

நிருபமா வீட்டுக்கு வழக்கமாக வருகிற டாக்டர் பாபு மத்தியானம் வந்தார். வயதானவர். அறை வாசலில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டினார்கள். அவர் திரைக்கு வெளியிலிருந்து கேட்க, நிருபமா உள்ளே என்னைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"கட்டியிலிருந்து சிவப்பாக் கோடு ஏதாவது ஓடறதா பாரம்மா."

"ஓடறது டாக்டர் பாபு. கயிறு மாதிரி தடிச்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"கீழே. முழங்கால் தாண்டிக் கணுக்கால் வரைக்கும்."

டாக்டர் கணுக்காலை மட்டும் காட்டச் சொல்லி, உள்ளே வந்து குனிந்து பார்த்தார். இதற்கு முன் எப்போதாவது இப்படிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையன்று குளிரும் கால் குடைச்சலும் ஒரு நாள் இருந்ததைச் சொன்னேன். சொந்த ஊர் எது என்றார். கும்பகோணம் என்று என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"பிளேக்காக இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா நாளைக்குத்தான் உறுதியாச் சொல்வேன்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் குழந்தை அவங்க கிட்டப் போகவேண்டாம்."

இருட்டிய பிறகு விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அவர் சந்தேகப்பட்ட வேறொரு நோயின் பூச்சி இருட்டினால்தான் ரத்தத்தில் நடமாடுமாம். அன்று ராத்திரி என் அறை வாசலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தே இருந்தார். நான் பிதற்றுகிறேனா என்று பார்ப்பதற்காக நடு நடுவே வாய்ப்பாடு கேட்டார். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன். அது எனக்கு எப்போதும் தடுமாறுகிற வாய்ப்பாடுதான், ஆனாலும் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் காலை நான் தெளிவாகவே இருந்தேன். டாக்டர் பூதக்கண்ணாடியில் (கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துவிட்டு வந்திருந்தார். யானைக்கால் காய்ச்சல் (நூலிழையிலும் மெல்லிய புழு உடம்பில் தங்கி, நிணநீர் ஓடும் வழியை அடைப்பதால் வருவது) என்றார். உயிருக்குப் பயமில்லை, ஒருவரையொருவர் தொடுவதால் ஒட்டாது, தாய்ப்பாலில் போகாது. கொசு கடித்து வருகிறதென்று இப்போது சொல்கிறார்கள் என்றார்.

யானைக்கால் என்று கேட்டுச் சிரித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார். நிருபமா அப்போதுதான், முந்தின நாள் விட்டுப்போன அபீரை என் கன்னத்தில் அப்பினாள்.

"மருந்து?" என்று அவர் கேட்டார்.

"வேரோடு எடுக்கிற மருந்து இன்னும் வரலை. காலை உயர்த்தி வைக்கணும், சுத்தமா வச்சுக்கணும், புண் வராமப் பார்த்துக்கணும். காய்ச்சல் திரும்பி வரும். அமாவாசை, பௌர்ணமின்னு ஜனங்க சொல்றாங்க. நான் மறுக்கறதில்லை."

சிரிப்பு அப்போதே நின்றுவிட்டது.

நாலைந்து நாளில் நெறி கரைந்தது. கால் மட்டும் பழைய கால் ஆகவில்லை. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். கமலி திரும்பி வந்தாள். ஆனால் மார்பில் பால் வற்றிப்போயிருந்தது, அவளும் ஒருமுறை வாய்வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் மறக்கிற வரைக்கும் கீழே போய்த்தான் குடித்துவிட்டு வந்தாள். நிருபமாவுக்கு நான் எந்த ஜன்மத்தில் நன்றிக்கடன் தீர்ப்பேன்? அப்படியும் அவள் மடியில் என் குழந்தை கண் சொருகிக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. இரண்டும் உண்மைதான்.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. காய்ச்சல் சொன்னபடி திரும்பத் திரும்ப வருகிறது. சில பௌர்ணமிகளில் மனமிரங்கி விட்டுவிடுகிறது. இடது கால் வலது காலைவிடத் தடிமன். நாட்களை நான் இப்போது கிழமையாக எண்ணுவதில்லை. வளர்பிறை, தேய்பிறை என்று கால் எண்ணுகிறது. உங்களுக்கும் இது வந்திருந்தால், காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், விரலிடுக்கில் ஈரம் விடாதீர்கள், சாயங்காலத்திலேயே கொசுவலையைக் கட்டிவிடுங்கள். பயத்துக்கு என்ன செய்வதென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் என் காலைப் பற்றிய பயம் போய்விட்டது, கமலியைப் பற்றியது போகவில்லை. என்னைக் கடித்த கொசுதானே அவளையும் கடித்திருக்கும்? அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கை தானாகத் தொடையிடுக்கில் போய்த் தடவிப் பார்க்கும். கணுக்காலில் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கும். வேடிக்கை மாதிரி, கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரிச் செய்வேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஏழு வயது ஆகிறது. என் விரல் கணுக்காலைத் தொட்டதும், காலை நகர்த்தாமல், நான் பார்த்து முடிக்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னிக்குப் பௌர்ணமியாம்மா?"