கோட்டின் இடது கை

என் தங்கைக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அவள் நரம்புக்குத்தான் கிடைத்தது. படிப்பில் அவள் சுமார். பாட்டு வராது, ஓட்டம் வராது, நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இடது முழங்கை மடிப்பில் அவளுக்கு ஒரு நரம்பு இருந்தது. ரப்பர் பட்டையைக் கட்டினால் போதும், 'இதோ இருக்கிறேன்' என்று எழுந்து நிற்கும்.

அவள் படித்தது லேப் டெக்னீசியன் படிப்பு. பல்கலைக்கழகம் பெரியதுதான், ஆனால் எங்கள் ஊரில் இருந்தது அதன் கிளை வளாகம். கீழே டயர் குடோன், மேலே இரண்டு மாடி. தலைமை வளாகம் கழித்துக்கட்டியதெல்லாம் இங்கேதான் வந்து சேரும். பிசியோதெரபி வகுப்பு எலும்புக்கூட்டுக்கு ஒரு முழங்கால் கிடையாது. ரத்தம் எடுத்துப் பழகுவதற்கென்று வந்த ரப்பர் கை காய்ந்து வெடித்துப்போய், எங்கே குத்தினாலும் சிவப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால் பிள்ளைகள் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. கடைசித் தேர்வும் அப்படித்தான், ஜோடி ஜோடியாக. இரண்டு தடவைக்குள் ரத்தம் எடுத்துக் காட்டினால் தேர்ச்சி, ஆஸ்பத்திரி லேபில் வேலை. அந்த வேலையை நம்பித்தான் அம்மா அவளைப் படிக்க அனுப்பியிருந்தாள்.

ஏற்பாடு ஒரு வாரம்கூட ஓடவில்லை. முதல் தடவை ஊசி பிடிக்கிறவர்களுக்குக் கை நடுங்கும். லேசில் கிடைக்கிற நரம்பைத் தேடி எல்லோரும் என் தங்கையிடம் வந்தார்கள். "உன் கை நம்ம கிளாஸுக்கே சொத்தும்மா" என்று பாடம் எடுக்கிற மேடமே சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் அவளுக்குப் 'பைப்பு' என்று பெயர் வைத்ததைக்கூட ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரிதான் சொன்னாள்.

"அது சரி, நீ யாருக்குடி குத்துற?" என்றேன்.

"என் முறையும் வரும்க்கா."

தேர்வில் அவளுக்கு ஜோடி, அவளுடைய உயிர்த்தோழி. "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துடும்டி, உன்னை மாதிரி தைரியம் எனக்கு ஏது" என்று கொஞ்சிக் கொஞ்சியே தன் கையை நீட்டாமல் வருஷத்தை ஓட்டினவள். அடுத்தவர் கையில் குத்தும்போது மட்டும் அந்த மயக்கம் அவளுக்கு வந்ததே இல்லை.

நான் தையல் வேலை செய்கிறேன். தங்கையின் வெள்ளைக் கோட்டைத் தைத்ததும் நான்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாளில் வந்து, இருக்கிற சட்டைக்கெல்லாம் முழுக்கை வைத்துத் தரச் சொன்னாள். அளவெடுக்கக் கையைப் பிடித்தேன், 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள். முழங்கை மடிப்பு முழுக்கக் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டுக் குதித்தாள்.

"படிக்கப் போனவ கையாடி இது? பாக்கறவன் போதை ஊசி போடறவன்னுல்ல சொல்லுவான்!"

"எல்லாரும் கத்துக்கணும்ல, அம்மா" என்றாள் தங்கை.

கற்றுக்கொண்டார்கள். யாரும் பாக்கியில்லாமல் கற்றுக்கொண்டார்கள்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். முதலில் தோழியின் முறை. பட்டையைக் கட்டினாள், குத்தினாள், சிரிஞ்சில் ரத்தம் ஏறியது. "ரொம்ப நல்லா செய்யறியேம்மா" என்றார் அவர். செய்தது அவளா, என் தங்கையின் நரம்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு என் தங்கையின் முறை. தோழிக்குச் சதைப்பிடிப்பான கை. நரம்பு எங்கோ ஆழத்தில் கிடந்தது, தடவித்தான் பிடிக்க வேண்டும். தடவிப் பார்க்க ஒரு கைகூட என் தங்கைக்கு அதுவரை கிடைத்ததில்லை. பட்டையையே தலைகீழாக முடிச்சுப் போட்டாள். முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குத்தில் ஊசி உள்ளே போனதுமே தோழி கையை உதறிவிட்டாள்.

"ஐயோ வலிக்குது சார்! இவளுக்கு எடுக்கவே தெரியல!"

"வருஷம் பூரா என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்று கேட்டார் பரிசோதகர்.

தங்கைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பதில் தெரிந்த மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் தேறாதவள் அவள் ஒருத்திதான். தோழிக்கு லேபில் வேலை கிடைத்தது. அங்கே என் தங்கை ஏன் தேறவில்லை என்று விசாரித்தவர்களிடம், "பாவம், மந்தம்" என்று சொன்னாளாம். அவள் வாய் அழுகிப்போகட்டும் என்றேன் நான். தங்கை அதற்கும் என்னைத்தான் கடிந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திரும்பத் தேர்வு எழுதலாம், மேடம் கையெழுத்துப் போட்டால்.

"இந்தத் தடவை எவளுக்கும் கையை நீட்டாத. முதல்ல நீ குத்து" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து வந்தாள்.

"மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்கக்கா. என்னைப் புதுப் பசங்க முன்னால நிக்க வெச்சு, 'யாரும் பயப்படாதீங்க, இந்த அக்காவோட கை இருக்கு'ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்துத் தையல் மிஷின் மேல் விரித்தாள்.

"ஒவ்வொரு தடவையும் மடிச்சு மடிச்சு ஏத்த வேண்டியிருக்கு. இடது கையை மட்டும் முழங்கைக்கு மேல வெட்டித் தைச்சுடேன்."

"நீ எப்பதான் ஊசி பிடிக்கப் போற?"

"என் முறையும் வரும்க்கா."

கோட்டோடு சேர்த்து அவளையும் கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த வளாகத்தை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை, மேடத்தைப் பகைத்துக்கொண்டால் தேர்வும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். நூல் பிரியாமல் இருக்க இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அவள் போட்டுக்கொண்டு, இடது கையை நீட்டி, மடக்கிப் பார்த்தாள்.

"கரெக்டா இருக்குக்கா" என்றாள்.