டைகர், வா!

எங்கள் வீட்டு நாய் டைகருக்கு ஏழு மாதம். கூப்பிட்டால் வராது.

இன்று பக்கத்து வீட்டு தனம் அக்கா காயப்போட்டிருந்த கருவாட்டருகே போய் நின்றது. "டைகர், வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடிவிட்டது.

அக்கா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நீ கூப்புட்றதே கட்டிப்போடத்தான். இல்லாங்காட்டி குளிப்பாட்ட. அப்பால எப்டிடீ வரும்? சும்மாவும் கூப்ட்டுப் பாரு."

சுருக்கென்றது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அவரும் என் போனை லேசில் எடுக்கமாட்டார். நான் கூப்பிடுவதெல்லாம் தண்ணி கேனுக்கும், பழவேற்காடு போய் சிலிண்டர் எடுத்துவரச் சொல்லவும்தான்.

உடனே போன் போட்டேன். ஐந்தாவது தடவைதான் எடுத்தார்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்ட்டேன்."

போனை உடனே வைத்துவிட்டார்.

ஐந்தே நிமிடத்தில் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். கையில் வலை ஊசி அப்படியே இருந்தது. "யாருக்கு இன்னா ஆச்சி?"

டைகர் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் சும்மா கூப்பிட்டால் யார் வருகிறார்கள்?