தலை கொடுக்க வந்த சாமுராய்

ஆயுத பூஜையன்று எங்கள் தேயிலை ஃபேக்டரியில் இயந்திரங்கள் ஓய்வெடுக்கும். மாமா மட்டும் ஓய்வெடுக்க மாட்டார். அம்மாவின் தம்பியான அவர் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்துக்கொண்டு, அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்க நாடகம் எழுதுவார். சோழரும் பாண்டியரும் தீர்ந்துபோன ஒரு வருடம், எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவில் கழித்துப்போட்ட படப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. ஜப்பானில் குலத்துக்குக் குலம் வெட்டிக்கொண்டு செத்த காலத்துக் கதை. அதிலிருந்து மாமா ஒரு சாமுராய்ப் பிரபுவைப் பிடித்தார். பனி மூடிய மலைக்கோட்டை, தலைமுறைப் பகை, மாதக்கணக்கில் முற்றுகை. கோட்டைக்குள் அரிசி தீர்ந்ததும், தன் சனங்களாவது பிழைக்கட்டும் என்று பிரபு தானே இறங்கி வந்து எதிரிக்குத் தலையைக் கொடுக்கிறான். மலைக்கும் பனிக்கும் குன்னூரில் செலவில்லை என்றார் மாமா. கொழுந்து பறிக்கும் பெண்கள் பிரபுவைச் 'சாமிராயர்' என்றார்கள்; மைசூர்ப் பக்கத்துச் சாமி ஏதோ என்று நினைப்பு.

பிரபு வேடம் மாமாவுக்கு. எதிரிப் பிரபுவாக இருந்த லாரி டிரைவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பலாப்பழமாகிவிட, துரை எங்கள் அப்பாவைக் கைகாட்டினார். அப்பா ஆபீசில் ஹெட் கிளார்க். மீசை பெரியது.

சிக்கல் என்னவென்றால், அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. எங்களோடு இருந்த அத்தையை, அப்பாவின் தங்கையை, மாமா பெண் கேட்டு வந்ததும், "கூத்துக் கட்டறவனுக்கு எந்தங்கச்சியக் குடுக்க மாட்டேன்" என்று அப்பா தட்டோடு திருப்பி அனுப்பியதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் தேயிலைச் செடிக்குள் இறங்கிப் போவார் என்பதுதான்.

அப்பா யோசித்தார். "கடைசில அவன் தலைய வெட்டறது நான்தானுங்களே?" என்று துரையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு சம்மதித்தார்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் கவசம் தயாரானது. வெட்டுண்ட தலைக்காக ஒரு முட்டைக்கோசுக்கு மீசை வரைந்தார்கள். உடைகளை அத்தை தைத்தாள். மாமாவின் உடைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. நானோ, எங்கப்பா தலை வெட்டப்போகிறார் என்று பள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

ஃபேக்டரி முற்றத்தில் நாடகம் நடுவில் இருக்கும்போது மூடுபனி இறங்கிக் கோட்டையை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மாமாவின் வசனம் மட்டும் கேட்டது. பனி விலகியபோது பிரபு மண்டியிட்டிருந்தார். அப்பா, ஒத்திகையில் காட்டாத உற்சாகத்தோடு வாளை ஓங்கினார்.

மாமா கழுத்தைத் தாழ்த்தவில்லை. "பிரபுவே! என் தலைதான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும். ஆனால் பகை தீர இன்னொரு வழியும் உண்டு. உம் தங்கையை எனக்கு மணம் முடித்துத் தந்தால் இரு குலமும் ஒன்றாகும்!"

வாள் அந்தரத்தில் நின்றது. "டேய், இது வசனத்துல இல்லியேடா," என்று அப்பா பல்லைக் கடித்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் எஸ்டேட் முழுக்கக் கேட்டது.

"வெட்டறதுன்னா வெட்டிப்போடுங்க மச்சான். நான் எந்திரிக்க மாட்டேன்." அதுவும் கேட்டது.

திரைக்குப் பின்னால் இருந்தவர் இதுதான் சமயம் என்று முட்டைக்கோசை உருட்டிவிட்டார். அது மீசையோடு உருண்டுபோய்த் துரையின் காலடியில் நின்றது. கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"ஏனுங்க கிளார்க்கய்யா, குடுத்துருங்க! சாமிராயருக்கு முட்டி நோகுமில்ல!"

குடுங்க, குடுங்க என்று முற்றமே கத்தியது. துரையும் கை தட்டினார்.

அப்பா பெண்கள் பக்கம் திரும்பி அத்தையைத் தேடினார். அத்தை தலை குனியவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வாளைக் கீழே வைத்தார்.

"தந்தோம்!" என்றார் பிரபுவின் குரலில். அப்புறம் தன் குரலில், "எந்திரிடா, ஈரத்துல உக்காந்தா சளி புடிக்கும்."

எனக்கு மானம் போயிற்று. அப்பா தோத்துட்டாரு என்று அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை தனக்குப் பூஜையில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் மடியில் வைத்தாள். அண்ணன் தோற்ற துக்கத்தில் அவளுக்கும் எதுவும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் பங்கையும் நானே தின்று தீர்த்தேன்.