அவள் என்னைத் திட்ட வேண்டும் தாயே

தை மாதக் கடைசியில் என் மனைவி சரசுவதிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை.

நான் தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். எந்தக் காரியத்துக்கு எந்த மேசை முன்னால் நிற்க வேண்டும் என்பது அத்துப்படி. திண்டுக்கல்லில் பார்க்க வேண்டிய மருத்துவர்களை எல்லாம் பார்த்தேன். பேச்சுப் பயிற்சி ஒருநாளும் தவறவில்லை. “வரலாம், காத்திருங்கள்” என்றார்கள். பணியில் இருந்தபோது இதே பதிலை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திருத்திக்கொண்டே இருந்தவள் அவள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தட்டின் முன் உட்கார்ந்தால் எனக்கு அழுகை வரும்.

சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டினார்கள். அம்மனுக்காகப் பெண்கள் தானியம் முளைக்கப்போடும் முளைப்பாரிச் சட்டிகள் வருடந்தோறும் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் வளரும். பக்கத்து வீட்டுச் செல்வி விதையோடு வந்தாள்.

“அக்காவுக்கு முடியலம்மா. இந்த வருசம் வேற வீட்டுல வச்சுக்கங்க” என்றேன்.

“நல்லாச் சொன்னீங்க போங்க! அக்கா இல்லாம எங்கிட்டு வைக்கிறது? நீங்க செத்த அங்கிட்டுப் போயி பேப்பர் படிங்கண்ணே.”

சட்டிகள் வந்தன. பழனியிலிருந்து மகளும் வந்தாள். மாலைதோறும் கும்மி. சரசுவதி பின்னறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. அதைப் பார்க்கத் தாங்காமல் கோயிலுக்குப் போனேன். “தாயே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழையபடி அவள் என்னைத் திட்ட வேண்டும், அது போதும்” என்று மன்றாடினேன்.

மறுநாள் மாலை பின்னறையை எட்டிப் பார்த்தேன். முளைகள் வெளிறிப்போய் நின்றன. வெயில் இல்லாமல் பயிர் எப்படிப் பச்சை பிடிக்கும்? இத்தனை பெண்களில் ஒருத்திக்குமா இது தோன்றவில்லை? உள்ளே போய்ச் சன்னலைத் திறந்தேன்.

“சா... சாத்துங்க!”

திரும்பினேன். சரசுவதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

“முளப்பாரிக்கு... வெயிலு ஆகாது! இதுகூட... தெரியாதா?”

குழறல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் என்னைத் திட்டிய சொல். மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். நான் சன்னலைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தேன்.

“அண்ணே, அழுகுறது அப்புறம்” என்றாள் செல்வி. “அக்கா சொன்னத மொதல்ல செய்யுங்க.”

முளைப்பாரி எடுத்துக் கோயிலுக்கு ஊர்வலம் போன அன்று சரசுவதி ஆட்டோவில் பின்னால் வந்தாள். அவள் சட்டியைச் செல்வி சுமந்தாள். “சாய்க்காம... போடி” என்று வழிநெடுக அவளுக்கும் அதிகாரம் நடந்தது.

பயிற்சி இன்றும் தொடர்கிறது. மருந்தையும் விடவில்லை, அம்மனையும் விடவில்லை. முன்பெல்லாம் திருவிழா என்றால் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பவன் நான். இனி எங்கள் பின்னறை என்றைக்கும் அம்மனுக்கே.

துயரத்தில் இருக்கும் அன்பர்களே, உங்களுக்கு வேண்டியதை அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தருவாள். எவ்வளவு என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள். நான் அளவு சொல்லாமல் கேட்டுவிட்டேன். காலைக் காப்பியிலிருந்தே திட்டு தொடங்கிவிடுகிறது. தாயே, ஒரு சொல்லும் குறைக்காதே.