மண்ணைத் தட்டினால் வருகிறார்கள்

ஒலியும் ஒளியும் ஒன்றையொன்று தொடாது என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் அவை தனித்தனிப் பாடங்களாக இருப்பதால் பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கோவில்பட்டியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற நானே, அவை இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை என் அக்காவின் காட்டில்தான் பார்த்தேன். பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அக்காவின் புன்செய்க் காடு எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அத்தான் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாம் அக்கா தலையில்தான். மழையை மட்டும் நம்பின கரிசல். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. அது தவறினால் அடுத்த புரட்டாசி வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காட்டின் நடுவாக ஒரு நிறுவனம் எரிவாயுக் குழாய் பதித்தது. கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, மற்றபடி வழக்கம்போல் உழுதுகொள்ளலாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தார்கள். குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு கேபிளையும் புதைத்தார்கள். அது போன் கேபிள் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். வேலையை மேற்பார்த்த இன்ஜினியரிடம் நான் கேட்டேன். பொறுமையான ஆள். வேலிக்கருவை நிழலில் நின்று விளக்கிச் சொன்னார்.

குழாய்ப் பக்கம் யாரும் தோண்டிவிடாமல் காவல் காக்கிற கேபிள் அது. உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி இழை. அதற்குள் லேசர் ஒளியை விட்டு விட்டு அனுப்புவார்கள். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கங்கள் இருக்கும். அவற்றில் பட்டு ஒளியில் கொஞ்சம் திரும்பி வரும். மேலே யாராவது தோண்டினால் அந்தச் சத்தம் மண் வழியே இறங்கி இழையை அசைக்கும். இழை இம்மியளவு நீளும், அமுங்கும். திரும்பி வருகிற ஒளியும் அதற்கேற்ப மாறும். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதை வைத்து, சத்தம் எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

"நீங்க இங்க நடந்து போறதுகூட ஆபீஸ் திரையில கோடா விழும் மேடம்" என்றார்.

 மறுநாள் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க இதையே பேசினேன். பூமிக்குக் காது வைத்துவிட்டார்கள் என்றேன். யாருடைய காது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் முதல் மழை நன்றாகப் பெய்தது. கரிசலுக்கு ஒரு பதம் உண்டு. மழை விட்டதும் இறங்கினால் செருப்போடு காடே ஒட்டிக்கொண்டு வரும். தாமதித்தாலோ மேல்மண் காய்ந்து இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஊரே விதைத்தாக வேண்டும். டிராக்டருக்கு அடிதடிதான். அக்கா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் எங்களுக்குக் காலையிலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் உளுந்தை முதலில் காடு முழுக்க விசிறிவிட்டு, மேலே கலப்பை ஓட்டி மூடுவார்கள். சனிக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். விசிறி முடித்தோம். டிராக்டர் கீழ்க்கோடியிலிருந்து மூடிக்கொண்டே வந்து, நடுக்காட்டில் குழாய்க்கு அடையாளமாக நட்டிருந்த கல்லை நெருங்கியது. அப்போதுதான் குழாய்க் காவலுக்குச் சுற்றுகிறவர் பைக்கில் வந்து குறுக்கே நின்றார். பக்கத்து ஊர்க்காரர், தெரிந்த முகம்தான்.

"அக்கா, நிப்பாட்டுங்க. ஆபீஸ்ல செவப்பா காட்டுதாம். ஜேசிபி வச்சுத் தோண்டுதாங்கன்னு சொல்லுதாவ."

"ஏம்ப்பா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? இது ஜேசிபியா?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியுதுக்கா. அவிய நம்ப மாட்டுக்காவ. அதிகாரி வந்து பாத்துட்டுச் சொல்லுத வரைக்கும் இங்கன சத்தமே வரக் கூடாதுங்காவ."

நான் அவருடைய போனை வாங்கிப் பேசினேன். உழலாம் என்று எழுதிக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். அந்த முனையில் இருந்தவர், "சிஸ்டம் அலாரம் குடுத்திருக்கு மேடம். மீறி ஓட்டினா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். கேஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே டிராக்டர்காரர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அதிகாரி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூடாத பாதியில் விதை வெட்டவெளியில் கிடந்தது. மயில்கள் இறங்கின. அக்கா கம்போடு ஒரு பக்கம், நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் ஓடினோம். இங்கே விரட்டினால் அங்கே இறங்கும். போதாததற்குப் புறாக்களும் சேர்ந்துகொண்டன. ஒருவழியாக, "ஓட்டிக்கோங்க" என்று போனில் அனுமதி வந்தபோது மண் இறுகிப்போயிருந்தது. மூடுவதற்கு விதையும் இல்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத்தான் துடைக்கிறாள் என்று நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த மழை பிந்தி வந்தது. அதற்குள் விதைக்கிற பருவம் தாண்டிவிட்டது.

அந்த இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் எதையும் மறைக்கவில்லை. கருவிக்குச் சத்தங்களைப் பழக்கியது சித்திரையில். சித்திரையில் கரிசல் கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் இருப்பதெல்லாம் காற்று. மண்ணில் வருகிற சத்தம் அதைத் தாண்ட முடியாமல் பாதியிலேயே செத்துப்போகும். நிஜ ஜேசிபியை வைத்துத் தோண்டிக் காட்டியும் திரையில் லேசாகத்தான் தெரிந்ததாம். அதனால் அந்த லேசான அசைவே ஜேசிபி என்று கருவியில் வைத்துவிட்டார்கள். மழை பெய்ததும் மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. சத்தம் தங்குதடையில்லாமல் இறங்கியது. அக்காவின் கலப்பை அந்தக் கருவிக்கு ஜேசிபியாகக் கேட்டிருக்கிறது.

"மண்ணு இப்படி மாறும்னு டீமுக்குத் தோணல மேடம். அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிடுவோம்" என்றார்.

அடுத்த வருஷமாம்! அதுவரை அக்கா என்ன செய்வாள் என்று அவர்களுடைய டீமில் யாருக்காவது தோன்றியதா? ஒலிமேல் குற்றமில்லை, ஒளிமேலும் குற்றமில்லை. இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. அவர்களே சம்பளம் கொடுத்து வைத்த ஆள் பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்துச் சொன்னதைத் தள்ளிவிட்டுத் திரையில் விழுந்த கோட்டை நம்பினார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நஷ்டத்தை ஒருதரம் வந்து பார்க்கச் சொல்லி அக்கா போன் மேல் போன் போட்டாள். இதோ வருகிறோம் என்பார்கள், வர மாட்டார்கள். நேரில் போனால் சார் சைட்டில் இருக்கிறார் என்பார்கள். எந்த சைட்டோ! கார்த்திகை பிறந்துவிட்டது. மூடிய பாதியில் உளுந்து காய் பிடித்து நின்றது. மறுபாதி வெறும் கறுப்பு. குழாய்க் கல்லுக்கு நேராகக் கயிறு பிடித்த மாதிரி எல்லை விழுந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கே என்று கேட்டேன்.

"பேசாம வாட்டி" என்றாள்.

குழாயை விட்டுத் தள்ளி, வெறுமையாகக் கிடந்த பாதியில் நின்றாள். சேலையைச் செருகிக்கொண்டு, உலக்கையின் பூண் போட்ட முனையால் தரையைக் குத்த ஆரம்பித்தாள். தொம், தொம் என்று, மாவு இடிக்கிற அதே நிதானத்தோடு. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவள் கை ஓய்ந்தபோது நான் வாங்கிக் குத்தினேன். இத்தனை நாள் கோபத்துக்கு அதுவும் போதவில்லை.

பைக் வந்தது. காவல்காரர் இறங்கி உலக்கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வெறுமனே கிடந்த பாதியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"சார், திரையில காட்டுதது சரிதான் சார். நீங்களே வந்துருங்க."

புரட்டாசியில் வராத ஜீப் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டது. அதிகாரி கதவைச் சாத்தக்கூட இல்லை, ஓடி வந்தார்.

"யாரும்மா தோண்டினது? எங்க மெஷின்?"

அக்கா என்னிடமிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டாள்.

"போன் போட்டா வர மாட்டீங்க. மண்ணத் தட்டுனா ஓடி வருதீங்க" என்றாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பாதி நான் வெதச்சது சார். இந்தப் பாதி நீங்க வெதச்சது. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு, "திரையில இன்னும் சிவப்பாத்தான் இருக்காம். முதல்ல அந்த உலக்கையைக் கீழ போடுங்கம்மா" என்றார்.

அக்கா போடவில்லை. ஓங்கி இன்னொரு குத்துக் குத்தினாள்.